பழைய ப்ராஸசர் ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்தது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கொஞ்ச நாளைக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில், பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட வேண்டாம், வீட்டிலேயே நாமே பார்ட்ஸ் மாற்றிப் புதுசாக்கிக்கொள்ளலாம் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தீர்கள். நல்ல பக்கம். அதைப் படித்துவிட்டுத்தான் என் மகன் திருப்புளியைக் கையில் எடுத்தான். எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது எல்லாம் அதில் இருந்தது. மாட்டி முடித்து ஸ்விட்சைப் போட்ட பிறகு திரை கறுப்பாகவே நின்றால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு மட்டும் ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் நடுவில் வரும் ப்ராஸசர் (கம்ப்யூட்டரின் மூளை) விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

செங்கோட்டையில் டி.டி.பி., ஜெராக்ஸ், ஆன்லைன் பதிவு எல்லாம் சேர்ந்த ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை எங்கள் ஊரும் திருவிதாங்கூர்-கொச்சிப் பக்கம்தான் இருந்தது, அதனால் இன்றைக்கும் கொடுக்கல் வாங்கல், சம்பந்தம் எல்லாம் மலைக்கு இரண்டு பக்கமும் உண்டு. கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் மலையாளம் கேட்பார்கள். கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலைக்கு ஆன்லைன் பதிவு, ஆரியங்காவு, அச்சன்கோவில் போகிற குழுக்களுக்கு பேனர் டிசைன் என்று ராத்திரி பத்து மணி வரை ஆள் இருக்கும். இத்தனைக்கும் ஒரே ஒரு கம்ப்யூட்டர். 2018இல் வாங்கியது, உள்ளே ஏஎம்டி கம்பெனியின் ரைசன் ப்ராஸசர், முதல் தலைமுறை.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது, விண்டோஸ் 11க்கு மாறலாம் என்று பார்த்தால் முதல் தலைமுறை ரைசன் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இல்லை. என் மகன் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். அவன்தான் கண்டுபிடித்தான், எங்கள் போர்டில் (எல்லா பார்ட்ஸும் மாட்டியிருக்கும் மதர்போர்டு) ப்ராஸசர் உட்காரும் ஏஎம் 4 சாக்கெட்டிலேயே அடுத்தடுத்த தலைமுறை ரைசனும் உட்காரும், எனவே முழு மெஷினை மாற்ற வேண்டாம், ப்ராஸசரை மட்டும் மாற்றினால் போதும் என்று. அவன் சொன்னது சரிதான், இதில் அவனைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. 6,500 ரூபாய்க்கு செகண்ட் ஹேண்டில் ஒரு ரைசன் 5 3600 ப்ராஸசர் வாங்கினோம். (2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை நீட்டித்துக்கொள்ள வழி இருக்கிறது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சீசன் முடிந்து தை மாசம் நிதானமாகச் செய்திருப்போம். உங்கள் வாசகர்களாவது தெரிந்துகொள்ளட்டும்.)

ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்த நேரத்தில் அவன் கேபினெட்டைத் திறந்திருக்கிறான். அப்புறம் நடந்ததெல்லாம் நான்கு நாள் கழித்து அவன் வாயால் கேட்டது.

ப்ராஸசர் மேல் ஒரு ஃபேனும் அலுமினியக் கட்டையும் சேர்ந்த கூலர் உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பேஸ்ட், சூடு கடத்துவதற்காக. ஏழு வருஷத்தில் அது காய்ந்து கோந்து மாதிரி இறுகிப் போயிருந்தது. நாலு திருகையும் கழற்றிவிட்டு அவன் கூலரை நேராக மேலே இழுத்திருக்கிறான். டக்கென்று ஒரு சத்தம். கூலரோடு ப்ராஸசரும் சாக்கெட்டை விட்டுப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. சாக்கெட்டின் கொக்கி பூட்டியபடியேதான் இருந்திருக்கிறது, அதையும் மீறி வந்துவிட்டது. இந்த சாக்கெட்டில் அப்படி நடப்பது உண்டாம், தெரிந்தவர்கள் முதலில் கம்ப்யூட்டரைப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஓடவிட்டு, அந்தச் சூட்டில் பேஸ்ட் இளகிய பிறகு அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகித்தான் எடுப்பார்களாம். உங்கள் பக்கத்தில் 'கூலரைக் கழற்றவும்' என்று இரண்டே வார்த்தை.

கூலரோடு ஒட்டிக்கொண்ட ப்ராஸசரை அவன் திருப்புளி முனையால் நெம்பியிருக்கிறான். அந்த ப்ராஸசரின் அடியில் 1331 பின். குண்டூசியைவிட மெல்லிசாக இருக்கும், தங்க முலாம் பூசியது. ஒரு மூலையில் ஏழெட்டு பின் சாய்ந்துவிட்டது. பழையதுதானே போகட்டும் என்று அதை ஓரமாக வைத்துவிட்டுப் புதிய ப்ராஸசரை உட்கார வைத்து, பேஸ்ட் தடவி, மூடி, ஸ்விட்சைப் போட்டான். ஃபேன் சுற்றியது. லைட் எரிந்தது. திரையில் ஒன்றும் இல்லை.

ஏன் வரவில்லை என்பது இப்போது எனக்கும் தெரியும். போர்டில் பயாஸ் என்று ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறது, எங்கள் போர்டில் இருந்தது வாங்கின வருஷத்துப் பழைய பயாஸ், அதற்குப் பின்னால் வந்த ப்ராஸசரை அதற்கு அடையாளமே தெரியாது. பழைய ப்ராஸசர் மாட்டியிருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட்டு, அதற்கப்புறம்தான் புதியதை மாட்ட வேண்டும். வரிசை மாறிவிட்டது, அவ்வளவுதான் நடந்தது. அந்த நிமிஷம் வரைக்கும் எதுவுமே சாகவில்லை, போர்டு நன்றாக இருந்தது, புதிய ப்ராஸசர் நன்றாக இருந்தது, பழையதில் ஏழெட்டுப் பின் வளைந்திருந்தது. அங்கேயே கையை எடுத்திருந்தால் ஒரு மணி நேர வேலையாக முடிந்திருக்கும்.

பையன் பயந்துவிட்டான். நான் வருவதற்குள் பழையபடி ஓட வைத்துவிட வேண்டும் என்ற பயம். வளைந்த பின்னோடு பழைய ப்ராஸசரை மறுபடி சாக்கெட்டில் வைத்து, உட்காரவில்லை என்று பெருவிரலால் அமுக்கியிருக்கிறான். இன்னும் பத்துப் பதினைந்து பின் படுத்துவிட்டது, ஒன்று முறிந்தே போனது. பிறகு மறுபடி புதியது, மறுபடி ஸ்விட்ச், மறுபடி மறுபடி. கடைசியில் எல்லாவற்றையும் மூடித் திருகிட்டுப் பழைய ப்ராஸசரைப் பஞ்சில் சுற்றித் தன் ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டுவிட்டான். ராத்திரி என்னிடம், "அம்மா, எல்லாம் சரியாத்தான் மாட்டினேன், தானா ஆன் ஆக மாட்டேங்குது" என்றான். "என்னல பண்ணி வச்சிருக்க?" என்று நான் போட்ட சத்தத்தில் அதற்குமேல் அவன் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சத்தத்தை நான் போட்டிருக்கக் கூடாது. இதைக் கூச்சமில்லாமல் எழுதுகிறேன், ஏனென்றால் வாசகர்களில் பாதிப் பேர் வீட்டிலும் இதேதான் நடக்கும்.

திங்கட்கிழமை காலையில் கேபினெட்டை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். அங்கே நானும் ஒரு பொய் சொன்னேன். வீட்டில் கழற்றினோம் என்று சொன்னால் கூடுதலாகக் காசு கேட்பார்கள், நம்மைக் கேலியாகப் பார்ப்பார்கள் என்று நினைத்து, "ஓடிக்கிட்டே இருந்துச்சு தம்பி, தானா நின்னுபோச்சு" என்றேன். அவரும் வேறு ஒரு கேள்வி கேட்கவில்லை. என்ன போர்டு, என்ன ப்ராஸசர், கடைசியாக எப்போது திறந்தீர்கள், ஒன்றும் இல்லை. "வீட்ல சார் இல்லையாக்கா, அவங்க வந்தா விளக்கமாச் சொல்லலாம்" என்று மட்டும் கேட்டார். கடை என்னுடையது, கம்ப்யூட்டர் என்னுடையது, இந்த வேலையைப் பதினோரு வருஷமாகப் பார்க்கிறவள் நான்.

மூன்று நாள் வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை, "போர்டும் போச்சு, ப்ராஸசரும் போச்சு, ரெண்டும் மாத்தணும், ராம் மெமரியும் புது போர்டுக்குச் சேராது, 19,500 ஆகும்" என்றார். செக் பண்ணினதற்கு 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டேன், செக் பண்ணினதற்கெல்லாம் ரசீது கிடையாது என்றார். கூலர் மேல் என் மகன் திருகிட்ட இடத்தில் விரலால் தொட்ட பேஸ்ட் தடம் அப்படியே காய்ந்திருந்தது. கூலரைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. திரை வரவில்லையா, போர்டு போச்சு, அதோடு முடிந்தது பரிசோதனை.

அன்றைக்கு ராத்திரி 19,500க்கு எந்த நகையை வைக்கலாம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது பையன் அழுதுகொண்டே ஜியாமெட்ரி பாக்ஸைக் கொண்டுவந்து என் முன்னால் திறந்து வைத்தான். காம்பஸுக்கும் டிவைடருக்கும் நடுவில் பஞ்சு உருண்டை. பிரித்தால் உள்ளே ப்ராஸசர்.

பத்திரிகை அடிக்க வரும், மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் இருக்கும் புனலூர்க்காரர் ஒருவர், அங்கே ஒரு பையன் சிப் லெவல் வேலை செய்கிறான், கை சுத்தம் என்று முன்பு சொல்லியிருந்தார். கேபினெட்டைப் பழைய சேலையில் சுற்றிக்கொண்டு மறுநாள் நானும் மகனும் ரயிலேறினோம். மாலை போட்ட சாமிமார் கூட்டம், நிற்கக்கூட இடமில்லை, பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் போகும்போது ஒரு சாமி எழுந்து, கேபினெட்டை வைக்கத் தன் இடத்தைக் கொடுத்தார். வழக்கமாகப் பதின்மூன்று கண் பாலம் வந்தால் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்ப்பேன், அன்றைக்குப் பார்க்கவில்லை.

அந்தத் தம்பிக்கு முப்பது வயசு இருக்கும். பாதி தமிழ், பாதி மலையாளம். கேபினெட்டைத் தொடுவதற்கு முன் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "சேச்சி, ஆதி தொட்டுச் சொல்லணும், எது முதல்ல, எது ரெண்டாவது" என்றார். நான் மகனைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னான், இழுத்தது, நெம்பியது, அமுக்கியது, எத்தனை தடவை ஸ்விட்ச் போட்டான் என்பது உட்பட. தம்பி திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை, ஒவ்வொன்றாக நம்பர் போட்டு எழுதினார். எழுதி முடித்து, "பேடிக்கேண்டா மோனே, பழைய ப்ராஸசர் எவிடே?" (பயப்படாதே மகனே, பழைய ப்ராஸசர் எங்கே) என்று கேட்டார். ஜியாமெட்ரி பாக்ஸை நீட்டினான். அவ்வளவுதான், நோய் என்ன என்பது போர்டில் கை வைப்பதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. நாங்கள் செங்கோட்டையில் சொல்லாமல் விட்டதும், அங்கே அவர்கள் கேட்காமல் விட்டதும் இது ஒன்றுதான்.

அவர் வேலை செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணில் வாட்ச் ரிப்பேர்க்காரர்கள் வைக்கிற லென்ஸ். ப்ராஸசரை விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பிடித்து, நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் பின் வரிசை நடவு வயல் மாதிரி நேர்கோடாகத் தெரிய வேண்டுமாம், எங்கே கோடு உடைகிறதோ அங்கே பின் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். என்னையும் பார்க்கச் சொன்னார். ஒரு மூலை முழுக்க மழையில் சாய்ந்த நெல் மாதிரிதான் கிடந்தது. பெரிய கருவி ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் லெட் பென்சில் ஒன்றில் லெட்டை எடுத்துவிட்டு, அந்த ஓட்டை முனையைப் பின்மேல் தொப்பி மாதிரி நுழைத்து, மெல்ல நிமிர்த்தினார். ஒரே மூச்சில் நேராக்க மாட்டார், பாதி நிமிர்த்திவிட்டு அடுத்ததற்குப் போய், சுற்றி வந்து மறுபடி மீதியை நிமிர்த்துவார். ஒரே பின்னை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினால் கம்பி முறிகிற மாதிரி முறிந்துவிடும் என்றார். இருபதுக்கு மேல் பின். முக்கால் மணி நேரம் ஆனது, நான் மூச்சுகூடச் சத்தமாக விடவில்லை.

முறிந்த பின்னுக்கு, அந்த ப்ராஸசரின் பின் வரைபடத்தைத் திரையில் பெரிதாக்கி, ஓரத்திலிருந்து வரிசை எண்ணிப் பார்த்தார். நல்ல காலம், அது கிரவுண்ட் பின், அதாவது மின்சாரம் திரும்பிப் போகிற பின். ப்ராஸசரில் மின்சாரத்துக்கும் கிரவுண்டுக்கும் என்றே நூற்றுக்கணக்கில் பின் இருக்கிறது, அதில் ஒன்று போனால் பெரும்பாலும் ஓடும். ராமுக்கோ கிராபிக்ஸ் கார்டுக்கோ போகிற பின் முறிந்திருந்தால் கதை வேறு, ஒட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.  முறிந்த துண்டை ஊசி முனையால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கடுகில் பாதி இல்லை.

பிறகு சாக்கெட்டில் இருக்கும் முக்கோணக் குறிக்கு நேராக ப்ராஸசரின் தங்க முக்கோணத்தை வைத்து விரலை எடுத்தார். அது தன் எடையிலேயே இறங்கி உட்கார்ந்தது. "இத்தர மதி (இவ்வளவு போதும்), அமுக்கவே கூடாது" என்று மகனைப் பார்த்துச் சொன்னார். ஸ்விட்சைப் போட்டதும் திரை வந்தது. பழைய ப்ராஸசர் பிழைக்காமல் போயிருந்தாலும் வழி இருந்ததாம், போர்டில் எட்டுக் கால் சிப் ஒன்றில்தான் பயாஸ் இருக்கிறது, அதில் கிளிப் மாட்டி வெளியிலிருந்தே புதிய பயாஸை எழுதலாம் என்று அந்தச் சிப்பையும் காட்டினார். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. பென் டிரைவில் இருந்து பயாஸைப் புதுப்பித்தார், அதற்கு முன் மறக்காமல் யு.பி.எஸ்.ஸில் மாட்டினார். வெளியே மழை பிடித்துக்கொண்டது, பயாஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால்தான் போர்டு நிஜமாகவே படுக்கும். அப்புறம் சூட்டோடு கூலரைத் திருகி எடுத்து, புதிய ப்ராஸசரை மாட்டி, விண்டோஸ் 11 கேட்கிற டி.பி.எம். என்ற பாதுகாப்பு அமைப்பையும் பயாஸிலேயே போட்டுக் கொடுத்தார். மொத்தம் 1,200 ரூபாய். என்ன பழுது, என்ன செய்தோம், எந்தப் பின் இல்லை என்பதுவரை எழுதிய ரசீது.

19,500க்கும் 1,200க்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிக் காட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. செங்கோட்டைக் கடைக்காரர் ஏமாற்றினார் என்றும் நான் சொல்ல மாட்டேன், நான் சொன்ன பொய்யை வைத்துக்கொண்டு அவர் தப்பான இடத்துக்குப் போனார். ஆனால் கேட்பது அவர் வேலை. டாக்டர் கேட்கிற மாதிரி கேட்க வேண்டாமா? சாப்பிட்டது என்ன என்று கேட்காமல் வயிற்றுவலிக்கு மருந்து எழுதுகிறவர் உண்டா? "நீங்களா கழற்றினீங்களா, பரவாயில்லை, என்ன கழற்றினீங்க" என்று ஒரு கடைக்காரர் முகம் சுளிக்காமல் கேட்டுவிட்டால் போதும், யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். இப்போது கேட்கிற தொனியிலேயே 'நீ எதுக்குக் கை வச்ச' என்று இருக்கிறது. அப்படிக் கேட்டால் என் மகன் மாதிரிப் பிள்ளைகள் ப்ராஸசரை ஜியாமெட்ரி பாக்ஸில்தான் ஒளித்து வைப்பார்கள்.

ரசீது விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காசு வாங்கிக்கொண்டு செய்த வேலைக்கு ரசீது தராமலிருப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. 1915 என்ற எண்ணுக்கு போன் செய்தால் புகார் எடுத்துக்கொள்வார்கள். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுது நீக்கும் உரிமைக்கென்று ஒரு குழு போட்டது, விவசாயக் கருவி, மொபைல், வீட்டு உபயோகச் சாதனம், வாகனம் என்று நான்கு துறையில் உதிரி பாகமும் செய்முறைக் குறிப்பும் கிடைக்க வேண்டும் என்றார்கள். நல்லதுதான். எங்கள் மாதிரி ஊரில் அதற்கும் முந்தின படி ஒன்று இருக்கிறது, கொடுக்கும்போது என்ன சொன்னோம், திறந்து என்ன பார்த்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி வாங்குவது. தென்காசி மாவட்டத்தில் எத்தனை சர்வீஸ் கடையில் அப்படி ஒரு தாள் தருகிறார்கள் என்று உங்கள் நிருபர் ஒரு நாள் சுற்றிப் பார்த்து எழுதலாம்.

உங்களிடம் நான் கேட்பது, அடுத்த முறை இப்படி ஒரு பக்கம் போடும்போது, கடைசியில் ஒரு கட்டம் போட்டு இதையும் எழுதுங்கள்: திரை வரவில்லையா, உடனே அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள், மறுபடி மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள், எதையும் அமுக்காதீர்கள். என்னென்ன கழற்றினீர்களோ அதை அதே வரிசையில் ஒரு தாளில் எழுதுங்கள். உடைந்த துண்டு உட்பட எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். கோப்புகளைப் பற்றிப் பயப்பட வேண்டாம், அவை இருப்பது ஹார்ட் டிஸ்கில், ப்ராஸசரோ போர்டோ போனாலும் அதைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பெரும்பாலும் எடுத்துவிடலாம். இது தெரியாமல்தான் பதினோரு வருஷத்துப் பத்திரிகை டிசைன் எல்லாம் போச்சே என்று நான் நாலு ராத்திரி தூங்கவில்லை.

பின் சாய்ந்து கிடந்தபோதும், நிமிர்த்திய பிறகும் அந்தத் தம்பி லென்ஸ் வழியாகத் தன் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறார். அவரிடம் கேட்டுவிட்டேன், போடலாம் என்றார். உங்களுக்கு வேண்டுமென்றால் இரண்டையும் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு டி.டி.பி. கடைக்காரி,
செங்கோட்டை.